மேசை மேல் என்-ஸ்கேல் மாட்யூல்: அளவு, பிளைவுட், வயரிங் கேள்விகள்

மொட்டைமாடி_லைன்

வணக்கம். என்-ஸ்கேல்ல (1:160) மாதிரி ரயில் ஓட்ட, கழற்றி மாட்டுற மாட்யூல் (தண்டவாளம் பதிச்ச பெட்டி) செய்யப் போறேன். சென்னையில ஃப்ளாட், நிரந்தர லேஅவுட்டுக்கு இடம் கிடையாது. ஆறடிக்கு மூணடி சாப்பாட்டு மேசை மேல விரிச்சு ஓட்டிட்டு, ராத்திரி பரண்ல ஏத்திடணும். கண்காட்சிக்குக் கார்ல எடுத்துட்டுப் போனா மத்தவங்க மாட்யூலோட தகராறு இல்லாம சேரணும்.

கையில இருக்கிறது: கேட்டோ கம்பெனியோட யூனிட்ராக் (ஜல்லி வார்ப்போட வர்ற தண்டவாளத் துண்டுகள்), அதுல 315 மி.மீ. ஆர 45 டிகிரி வளைவு 8, கொஞ்சம் 248 மி.மீ. நேர்த்துண்டு, ஒரு டிசி கன்ட்ரோலர். பின்னாடி டிசிசி-க்குப் (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியா டிஜிட்டல்ல ஓட்டுற முறை) போற எண்ணம் இருக்கு.

மாட்யூல் அளவுக்கான பொது முறைகள்ல என்-டிராக், டி-டிராக், ஃப்ரீ-மோ மூணுல எது? பிளைவுட் எத்தனை மி.மீ., எந்த கிரேடு? தெர்மோகோல்லயே பெட்டி செஞ்சா எடை குறையுமே, சரிவருமா? ரெண்டு லைனுக்கு நடுவுல கிராஸ்ஓவர் (ஒரு லைன்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற இணைப்பு) வைக்க ஆசை. ஐ.சி.எஃப். (பெரம்பூர் தொழிற்சாலை) மாடல் பெட்டி நீளத்துக்கு இந்த வளைவு தாங்குமா? டிசி-க்குப் போட்ட வயரிங்கையே டிசிசி-க்கும் வச்சுக்கலாமா?

குறுக்குக்கட்டை

உங்க தேவைக்கு டி-டிராக்தான். என்-டிராக் 1970-களில் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. வழக்கமான மாட்யூல் நாலடிக்கு ரெண்டடி, மூன்று லைன், தனிக் கால், தண்டவாளம் தரையிலிருந்து 40 அங்குலம். பெரிய ஹாலுக்கு அருமை, பரணுக்கு ஆகாது. டி-டிராக் வெறும் பெட்டி. மேசை மேல் உட்காரும். கால் கிடையாது, கிளாம்ப் கிடையாது. யூனிட்ராக்கின் ஜாய்னரே (துண்டுகளின் முனையில் இருக்கும் இணைப்பு) மாட்யூல்களைப் பிடித்துக்கொள்ளும்.

மாட்யூலின் இரண்டு முனையும் ஊருக்குச் சொந்தம், நடுப்பகுதி உங்களுக்குச் சொந்தம். அதனால் முதலில் முனை அளவுகள்:

ஒற்றை மாட்யூல் பெட்டி நீளம் 308 மி.மீ., இரட்டை 618, மூன்று மடங்கு 928. மூலை மாட்யூல் 365-க்கு 365 சதுரம். இரண்டு லைன்களின் மைய இடைவெளி 33 மி.மீ. பெட்டியின் முன் விளிம்பிலிருந்து முன் லைனின் ஜல்லி விளிம்பு வரை 38 மி.மீ. பெட்டி உயரம் 70 மி.மீ., லெவல் போல்ட்டால் 100 வரை உயர்த்த வசதி இருக்க வேண்டும்.

308 என்ற எண்ணில் விளையாட வேண்டாம். மேலே போகும் தண்டவாளம் 248 + 62 = 310. ஆக ஒவ்வொரு முனையிலும் தண்டவாளம் 1 மி.மீ. வெளியே நிற்கும். ஆசாரி "ரெண்டு மி.மீ. தானே" என்று 310-ஆக அறுத்துக் கொடுத்துவிட்டால், அதன்மேல் பெயின்டும் ஏறி, மரமும் மரமும் முட்டி, ஜாய்னர் முழுசாக உள்ளே போகாது. அந்த இடத்தில் வண்டி துள்ளும், கரண்ட் விட்டுவிட்டு வரும். 307-ஆகக் குறைந்தால் ஒரு கெடுதலும் இல்லை. கூடினால்தான் பிரச்சனை.

ஆழம் உங்க விருப்பம், ஆனால் ஒரு வரம்பு உண்டு. இரண்டு மூலை மாட்யூல் சேர்ந்தால் 730 மி.மீ. அதற்குள் எதிரெதிர் பக்க மாட்யூல்கள் முதுகோடு முதுகு உட்கார வேண்டும். பின்பலகைக்கும் இடம் விட்டு 355-க்கு மேல் போகாதீர்கள். பரணில் ஏறி இறங்க 300 வசதி.

உங்க மேசைக் கணக்கு, ஓவலாகச் சுற்றி வர: மூலை 4, இரட்டை 2, ஒற்றை 2. நீளம் 365 + 620 + 310 + 365 = 1660 மி.மீ., அகலம் 730. ஆறடிக்கு மூணடி மேசை 1830-க்கு 915, தாராளமாக உட்காரும். இதற்குத் தேவை 315 வளைவு 8 (இருக்கிறது), 282 வளைவு 8 (வாங்கணும்), 248 நேர் 12, 124 நேர் 4, 62 நேர் 4.

இரட்டை மாட்யூலுக்கு அறுக்கும் அளவு, 300 ஆழம் என்று வைத்து: மேல்பலகை 618 × 300, 6 மி.மீ. பிளை. நீளப் பக்கம் 618 × 64, 9 மி.மீ. பிளை, இரண்டு. குட்டைப் பக்கம் 282 × 64, 9 மி.மீ., இரண்டு. நடுவில் குறுக்குச் சட்டம் 282 × 40, மேல்பலகையோடு ஒட்டி. அடியில் மிஞ்சும் 24 மி.மீ. வழியாக வயர் போகும். 64-ம் 6-ம் சேர்ந்து 70. பிளை எடை ஒன்றேகால் கிலோ அளவில் நிற்கும்.

இதில் ஒரு பொறி. கடையில் 9 என்று விற்பது வெர்னியரில் 8.5 காட்டலாம். குட்டைப் பக்கத்தின் 282 என்பது 300-லிருந்து இரண்டு 9-ஐக் கழித்தது. முதலில் வாங்குங்க, அளங்க, பிறகு கழித்து அறுக்கச் சொல்லுங்க. எல்லா மாட்யூலுக்கும் ஒரே ஷீட்டில், ரம்பத்தின் வேலியை (அளவு பிடிக்கும் சட்டத்தை) நகர்த்தாமல் 64 பட்டைகளை ஒரே ஓட்டமாக அறுத்துவிடணும். வேறு நாளில் வேறு அளவு வைத்து அறுத்தால் உயரம் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

ஒட்டும்போது மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். மூலைக்கு மூலை அளங்க: 618 × 300 பெட்டியில் இரண்டு பக்கமும் 687 வரணும், ஒற்றையில் 430, மூலை மாட்யூலில் 516. அரை மி.மீ. வித்தியாசம் போகட்டும். 2 மி.மீ. கோணினால் முனைப்பலகை சாய்ந்து, மொத்த ஓவலும் ஒரு பக்கம் வாய் பிளக்கும்.

லெவலுக்கு மூலைக்கு ஒரு மரக்கட்டை, 25 × 25, உயரம் 20. பெட்டியின் அடி விளிம்பிலிருந்து கட்டையின் அடி 10 மி.மீ. மேலே இருக்கட்டும். அதில் எம்6 டி-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்), அடியிலிருந்து 50 மி.மீ. எம்6 போல்ட், தலை கீழே. முழுக்க உள்ளே திருகினால் தலை பெட்டிக்குள் மறையும், மேல்நுனி மேல்பலகையில் முட்டாது. 30 மி.மீ. வெளியே இழுத்தாலும் கட்டைக்குள் 14 மி.மீ. இருக்கும். போல்ட்டின் மேல்நுனியில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு கீறி, நேர்மேலே மேல்பலகையில் 8 மி.மீ. துளை போட்டுவிட்டால் ஸ்க்ரூடிரைவரை மேலிருந்து விட்டுத் திருகலாம். துளையை ஒரு புதர் மறைத்துக்கொள்ளும். இது இல்லாவிட்டால் கண்காட்சியில் பக்கத்து மாட்யூலைத் தூக்காமல் லெவல் பார்க்க முடியாது.

தண்டவாளம் ஒட்ட இரண்டு மரப்பட்டை போதும், ஒன்று சரியாக 38 அகலம், இன்னொன்று 8 அகலம். முன் விளிம்பில் 38 பட்டையை வைத்து முதல் லைன், அதை ஒட்டி 8 பட்டை, அப்புறம் இரண்டாவது லைன். யூனிட்ராக் ஜல்லி அகலம் 25, எனவே 25 + 8 = 33. பசை சிலிகான் சீலன்ட். பின்னாளில் கத்தியை விட்டுப் பெயர்க்கலாம். முனையிலிருந்து 20 மி.மீ. வரை பசை படக் கூடாது. ஜாய்னர் பழுதானால் கழற்ற விரல் நுழையணும்.

ரிலே_ரூம்

வயரிங் என் பங்கு.

டி-டிராக்கில் வண்ண ஒழுங்கு: மாட்யூலின் முன்னால் நின்று பார்த்தால் நான்கு ரயில்களும் (தண்டவாளக் கம்பிகளும்) வரிசையாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். கேட்டோவின் ஃபீடர் வயர் (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுப்பது) நீலம்-வெள்ளையாகவே வருவதால் குழப்பம் வராது. முன் லைனுக்குச் சிவப்பு லைன் என்றும் பின் லைனுக்கு மஞ்சள் லைன் என்றும் பெயர். பிளக்கில் அந்த நிறத்தில் டேப் சுற்றிவிடுங்க. மாட்யூலில் ஒருவர் மாற்றிப் போட்டால் மொத்தக் கண்காட்சி லைனும் ஷார்ட்.

மேசை ஓவலில் வெளி லைனில் மட்டும் 18 துண்டு, ஆக 18 இணைப்பு. ஒரே இடத்தில் கரண்ட் கொடுத்தால் எதிர்முனையில் இன்ஜின் சோர்ந்து ஓடும். வீட்டுக்கு லைனுக்கு இரண்டு ஃபீடர், எதிரெதிர் பக்கம், போதும். கண்காட்சிக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருப்பதால் ஒவ்வொரு இரட்டை மாட்யூலிலும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஃபீடர் இப்போதே வைத்துவிடுங்க. தண்டவாளம் ஒட்டிய பிறகு வைப்பது எரிச்சல் பிடித்த வேலை. டெர்மினல் யூனிஜாய்னர் (24-818) சுலபம், 62 மி.மீ. ஃபீடர் துண்டு இன்னும் சுலபம். ஆனால் ஜாய்னர் தளர்ந்தால் கரண்டும் தளரும். சால்டரிங் கை இருந்தால் ரயிலின் அடிப்பகுதியில் 0.5 ஸ்கொயர் (ச.மி.மீ.) வயரை நேராகப் பற்றவைப்பதுதான் நிம்மதி. ரோசின் ஃபிளக்ஸ் மட்டும். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃபிளக்ஸ் நம்ம ஊர் ஈரத்தில் ஒரே வருஷத்தில் வயரைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். ரயில், வயர் இரண்டிலும் தனித்தனியாக ஈயம் ஏற்றி, சூடான உளி முனையால் ரெண்டு வினாடி தொட்டு எடுங்க. சின்ன அயர்னை வைத்துக்கொண்டு பத்து வினாடி அழுத்தினால்தான் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும்.

பஸ் வயர் (எல்லா மாட்யூலுக்கும் கரண்ட் கொண்டுபோகும் முக்கிய வயர்): 1.5 ஸ்கொயர் செம்பு மீட்டருக்குச் சுமார் 0.0115 ஓம். பத்து மீட்டர் தூரத்துக்குப் போக வர 20 மீட்டர், 0.23 ஓம். 3 ஆம்பியர் இழுத்தால் 0.7 வோல்ட் போச்சு. 2.5 ஸ்கொயரில் அதே கணக்கு 0.4 வோல்ட். வீட்டு மேசைக்கு 1.5 தாராளம். கண்காட்சி பஸ்ஸை 2.5-ல் தனியாகச் செய்து மேசையில் மாட்யூல்களுக்குப் பின்னால் ஓட்டி, அதிலிருந்து மாட்யூலுக்கு மாட்யூல் கிளை எடுங்க. இணைப்புக்கு ஆண்டர்சன் பவர்போல். ஆண்-பெண் பேதம் இல்லாத பிளக், எந்த முனையும் எந்த முனையோடும் சேரும். 15, 30, 45 ஆம்பியர் மூன்றுக்கும் வெளிக்கூடு ஒன்றே, உள்ளே போகும் தகடுதான் வேறு. ஃபீடருக்கு 15, பஸ்ஸுக்கு 30. கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள், அதற்கென்று உள்ள கிரிம்பர் வேண்டும். நசுங்கிய தகடு கூட்டுக்குள் 'டிக்' என்று உட்காராது, இழுத்தால் வந்துவிடும்.

டிசி-க்குப் போட்டதை டிசிசி-க்கு வைத்துக்கொள்ளலாமா என்றால், மேலே சொன்ன தடிமனில் போட்டால் ஆம். மாறுவது கிராஸ்ஓவர் விஷயம் மட்டும். கேட்டோவின் டபுள் கிராஸ்ஓவர் நீளம் 310, லைன் இடைவெளி 33, அதனால் ஒற்றை மாட்யூலில் அப்படியே உட்காரும். ஆனால் நீலம்-வெள்ளை-வெள்ளை-நீலம் ஒழுங்கில் முன் லைனின் முன் ரயில் நீலம், பின் லைனின் முன் ரயில் வெள்ளை. வண்டி ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது சக்கரம் இரண்டையும் இணைக்கும். டிசி-யில் ஒரு கன்ட்ரோலரின் திசை சுவிட்சைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. டிசிசி-யில் மஞ்சள் லைன் பஸ்ஸின் இரண்டு வயரையும் பூஸ்டர் (டிசிசி கரண்ட் தரும் பெட்டி) ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் இடம் மாற்றணும். மாட்யூலுக்குள் கை வைக்காதீர்கள், அடுத்த கண்காட்சியில் வேறொருவர் லைனில் சேரும்போது உங்க மாட்யூல்தான் குற்றவாளியாகும்.

முடித்ததும் நாணயச் சோதனை: டிசிசி ஓடும்போது ஒரு ரூபாய் நாணயத்தை ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு ரயில் மேலும் படுக்க வையுங்க. பூஸ்டர் உடனே கட் ஆகணும். ஆகாத இடத்தில் வயர் மெலிசு, அல்லது இணைப்பு தளர்வு. அங்கே வண்டி தடம்புரண்டால் கரண்ட் நிற்காது, போகியின் (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டத்தின்) பிளாஸ்டிக் உருகும்.

230 வோல்ட் எதுவும் மாட்யூலுக்குள் போகக் கூடாது. அடாப்டர்கள் தரையில், எக்ஸ்டென்ஷன் போர்டில். மேலே ஏறுவது தாழ்ந்த மின்னழுத்தம் மட்டும்.

பெரம்பூர்_ஷெல்

வளைவுக் கேள்வியை யாரும் தொடவில்லை, கணக்கே போட்டுவிடலாம்.

ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், போகி மையத்தூரம் 14.783, அகலம் 3.245. 1:160-ல் 133.4, 92.4, 20.3 மி.மீ. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் சாயும் அளவு, போகி மையத்தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தது. முனை வெளியே தள்ளும் அளவு, உடல் நீளத்தின் வர்க்கத்திலிருந்து போகித் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து அதே எட்டு மடங்கால் வகுத்தது.

282 உள்வளைவில் முனை 4.1 மி.மீ. வெளியே வரும். 315 வெளிவளைவில் நடுப்பகுதி 3.4 உள்ளே வரும். 33-லிருந்து 20.3, 4.1, 3.4 மூன்றையும் கழித்தால் 5.2 மி.மீ. மிச்சம். இரண்டு வண்டியும் உரசாமல் போகும். எல்.எச்.பி. (புதிய வகைப் பெட்டி) 23.54 மீட்டர், அதற்கு இடைவெளி 3.5 மி.மீ. ஆகக் குறையும், அதுவும் போகும். இடத்தை மிச்சம் பிடிக்க லைன் இடைவெளியை 25 ஆக நெருக்கினால் ஐ.சி.எஃப். பெட்டிகளே மோதும். வளைவில் சுரங்க வாய், சிக்னல் கம்பம், மரம் எதுவானாலும் தண்டவாள மையத்திலிருந்து 18 மி.மீ. தள்ளி வையுங்க.

ஓடும் என்பது வேறு, பார்க்க நன்றாயிருக்கும் என்பது வேறு. 282 மி.மீ. என்பது நிஜத்தில் 45 மீட்டர் ஆரம். அந்த வளைவில் 20 பெட்டி ரயில் வால் பிடித்துச் சுற்றுகிற நாய் போலத்தான் தெரியும். நிஜ ரயில் மாதிரி வேண்டுமென்றால் ஃப்ரீ-மோ பாணிதான் வழி, எச்.ஓ. (1:87) ஆனால் இன்னும் நல்லது. அதில் முனைப்பலகை 24 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 18 மி.மீ. பிளை, ஒற்றை லைன் சரியாக நடுவில், முனைக்குச் செங்குத்தாக. மெயின்லைன் வளைவு 42 அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது, பாயிண்ட் (தடம் பிரியும் துண்டு) 6-ஆம் எண் அல்லது அதற்கு மேல், தண்டவாளம் கோட் 83 (ரயிலின் உயர அளவு), தரையிலிருந்து 50 அங்குலம். ரயில் முனைப்பலகைக்கு ஒரு அங்குலம் முன்பே நிற்கும். இரண்டு மாட்யூலைச் சி-கிளாம்ப் போட்டு இறுக்கியபின் 2 அங்குலத் துண்டு ரயிலை நடுவில் ஜாய்னரோடு தள்ளிச் சேர்ப்பது. ஒவ்வொரு மாட்யூலும் தன் காலில் தானே நிற்கணும், கால் அடியில் மேலும் கீழும் ஒரு அங்குலம் திருகும் போல்ட். மூடிய வட்டம் கட்டாயமில்லை, மாட்யூலை எந்த வடிவத்திலும் வளைக்கலாம், அதுதான் இதன் பெரிய லாபம்.

வீட்டில் மட்டும் சேரும் ஜோடி மாட்யூல்களுக்கு இன்னொரு முறை உண்டு. இரண்டு முனைப்பலகையையும் ஒன்றாகக் கிளாம்ப் செய்து, ஒரே ஓட்டில் டவல் பின்னுக்கும் எம்8 போல்ட்டுக்கும் துளை போடுங்க. போல்ட் இழுத்துப் பிடிக்க மட்டும், நேர் வைப்பது டவல் பின். அதனால் போல்ட் துளை 10 மி.மீ. தளர்வாக, பின் துளை இறுக்கமாக. மாட்யூல்கள் இணைந்த நிலையில் தண்டவாளத்தை வெட்டாமல் குறுக்கே போட்டு, இணைப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு ஸ்லீப்பரை எடுத்துவிட்டு, செம்பு பூசிய பிசிபி பட்டையைத் திருகி, ரயிலை அதன்மேல் பற்றவைத்து, கடைசியில் கட்டிங் டிஸ்க்கால் நறுக்கென்று வெட்டுவது. பட்டையின் செம்பை இரண்டு ரயிலுக்கும் நடுவில் கீறிவிட மறக்கக் கூடாது, கீறாவிட்டால் அதுவே ஷார்ட். இப்படிச் செய்தது அந்த ஜோடிக்குள் மயிரிழை பிசகாது, வேறு மாட்யூலோடு சேராது.

குறுக்குக்கட்டை

ஷெல் சார் சொல்வது எச்.ஓ.-வுக்கும் பெரிய ஹாலுக்கும் சரி. ஆனால் 50 அங்குலக் கால், 24 அங்குல அகலம், 42 அங்குல ஆரம் மூன்றையும் ஒரு ஃப்ளாட்டில் எங்கே வைப்பது? தம்பி கேட்டது சாப்பாட்டு மேசைக்கு. நீள ரயில் அசிங்கமாகத் தெரிந்தால் ஆறு பெட்டி பாசஞ்சர் ஓட்டட்டும்.

தெர்மோகோல் பெட்டி பற்றி: வேண்டாம். முனை நசுங்கும், டி-நட் பிடிக்காது. மலை, மேடு எழுப்ப மட்டும் நுரை. அதிலும் வெள்ளைத் தெர்மோகோல் மணிமணியாக உதிர்ந்து இன்ஜின் கியருக்குள் போகும். நீலம் அல்லது இளஞ்சிவப்பில் வரும் எக்ஸ்பிஎஸ் பலகை கத்தியால் சீராக வெட்டும், கூடுதல் காசுக்குத் தகும். இரண்டிலுமே ஸ்ப்ரே பெயின்டும் ரப்பர் சொல்யூஷனும் பட்டால் கரைந்து பள்ளம் விழும். ஃபெவிகால், அக்ரிலிக் பெயின்ட் மட்டும். ஃபெவிகாலில் நுரைப் பலகையைப் பரப்பி ஒட்டினால் நடுப்பகுதி காயவே காயாது, காற்று போகும்படி கோடுகோடாக விடுங்க.

சேர்க்கும் முறையும் முக்கியம். மேசையில் முதலில் ஒரு மூலையை ரசமட்டம் வைத்து லெவல் செய்து, அதிலிருந்து வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகணும். நான்கு மூலையையும் முதலில் வைத்துவிட்டு நடுவை நிரப்பினால் கடைசி மாட்யூல் நுழையாது. கண்காட்சி மேசைகள் சேரும் இடத்தில் எப்போதும் ஒரு படி இருக்கும். ஒரே மாட்யூல் இரண்டு மேசையிலும் கால் வைத்து நிற்காதபடி வரிசையை அரை மாட்யூல் நகர்த்திக்கொள்ளுங்க. பிரிக்கும்போது நேராகக் கிடைமட்டத்தில் இழுங்க. ஒரு முனையைத் தூக்கி மடக்கினால் யூனிஜாய்னரின் உலோக நாக்கு வளையும். வளைந்ததை நிமிர்த்தி ஓட்டாதீர்கள், கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு (24-815) போடுங்க. ஒரு பாக்கெட் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

உப்புக்காத்து

கடலோர ஊருக்குச் சில விஷயம்.

பிளை கிரேடு: எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்குவது) கீழ் வகை, பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்குவது) அதற்கு மேல் வகை, மரைன் என்று விற்பது ஐஎஸ் 710. நமக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். மரைன் கேடில்லை, ஆனால் கனம் கூடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்கவே வாங்காதீர்கள், மழைக்காலத்தில் அறுத்த விளிம்பு ஊதும். 1 மி.மீ. இடைவெளியை நம்பி நிற்கிற முனையில் அது ஊதினால் கதை முடிந்தது.

எந்தப் பிளையானாலும் சீலரை உள்பக்கம், அடிவிளிம்பு, துளைக்குள் எல்லா இடத்திலும் பூசணும். மேலே மட்டும் பெயின்ட் அடித்து அடியை வெறுமனே விட்டால் ஒரு முகம் ஈரம் குடிக்கும், மறு முகம் குடிக்காது, பலகை வில்லாக வளையும். 6 மி.மீ. மேல்பலகை வளைவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பரண் என்றால் கரையானையும் பாருங்க. சுவரை ஒட்டி வைக்காமல், ரெண்டு ரீப்பர் மேல் தூக்கி வையுங்க.

யூனிட்ராக்கில் ஜல்லி வார்ப்பாகவே இருக்கிறது, இரண்டு லைனுக்கு நடுவே உள்ள 8 மி.மீ.-ஐ மட்டும் நிரப்பினால் போதும். ஜல்லியைத் தூவி, பிரஷ்ஷால் சமன் செய்து, ரெண்டு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடணும். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டையாக மேலேயே நிற்கும். மணல், கல்தூள் எது எடுத்தாலும் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன்மேல் ஓட்டிப் பாருங்க. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை மணலில் கறுப்புத் தாதுமணல் நிறைய. காந்தத்தில் ஒட்டுகிற துகள் மோட்டாருக்குள்ளும் ஒட்டும்.

ரயில் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

எடுத்துச் செல்ல: ஒரே அளவு மாட்யூல் இரண்டை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, இரு முனையிலும் 300 × 340 அளவில் 9 மி.மீ. பிளை அடைப்பு. பெட்டி உயரம் 70 + 70 போக நடுவில் 200 மி.மீ. கிடைக்கும், இரண்டிலும் 90 உயரக் கட்டடம் வரை இடிக்காது. முனைப்பலகைக்கு ரெண்டு எம்6 போல்ட், உள்ளே டி-நட். அடைப்பில் தண்டவாளம் வரும் இடத்தில் ஜன்னல் வெட்டியே ஆகணும், முன் விளிம்பிலிருந்து 30 முதல் 105 மி.மீ. வரை, 15 உயரத்துக்கு. ரயிலும் ஜாய்னரும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், ஜன்னல் இல்லாமல் இறுக்கினால் எல்லாம் நசுங்கும். இரண்டு மாட்யூலின் முன்பக்கமும் ஒரே பக்கம் வரட்டும், ஜன்னல்கள் நேராக அமையும். லெவல் போல்ட்டை முழுக்க உள்ளே திருகிவிட்டு ஏற்றுங்க. வண்டிகள் மாட்யூல் மேல் பயணம் செய்யக் கூடாது, தனிப் பெட்டி. மரம், விளக்குக் கம்பம் போன்றவற்றைக் கம்பி முனை வைத்துச் செருகும்படி செய்தால் கழற்றித் தனியே வைக்கலாம்.

மொட்டைமாடி_லைன்

எல்லாருக்கும் நன்றி. டி-டிராக்தான், முடிவு பண்ணிட்டேன். பி.டபிள்யூ.ஆர். 6-ம் 9-ம் வாங்கி, அளந்து பார்த்துட்டு அறுக்கக் குடுக்கிறேன். கிராஸ்ஓவரை ரெண்டு ஒற்றை மாட்யூல்ல ஒண்ணுல வைக்கிறேன். அப்போ 248-ல ரெண்டு, 62-ல ரெண்டு மிச்சம், சரிதானே? ஒண்ணே ஒண்ணு கேக்கணும்: துண்டுகளை எந்த வரிசையில வைக்கணும்? 62 முனையில வரலாமா?

குறுக்குக்கட்டை

மிச்சக் கணக்கு சரி. அந்த 62-களில் ஒன்றை மாட்யூலில் ஒட்டாமல் கையில் வைத்திருங்க, கண்காட்சியில் வேறு மாட்யூல் முனையைச் சோதிக்க உதவும்.

இரட்டையில் 248, 124, 248 என்று வையுங்க. இரண்டு முனையிலும் நீளத் துண்டு வரும், பசைப்பரப்பு அதிகம், இழுக்கும்போது பெயராது. ஒற்றையில் 62 ஒரு முனையில் வந்துதான் தீரும். இரண்டு லைனிலும் அதை ஒரே முனையில் வைக்காமல், சிவப்பில் இடது முனையில், மஞ்சளில் வலது முனையில் வையுங்க. அப்போது ஒவ்வொரு முனையிலும் ஒரு 248 பிடித்திருக்கும். 62 துண்டுக்கு முனையில் 20 மி.மீ. பசை இல்லாமல் விட்டால் மிச்சம் 42 தான், சிலிகான் மட்டும் போதாது. அடியிலிருந்து மேல்பலகையில் 2 மி.மீ. துளை போட்டு, ஜல்லியின் வெற்றுக்குழிக்குள் இரண்டு இடத்தில் எபாக்சி விட்டுவிடுங்க. கிராஸ்ஓவருக்கு மட்டும் எபாக்சி, சிலிகான் எதுவும் வேண்டாம். உள்ளே நகரும் பாகம் இருக்கிறது, ஓரத்தில் சின்ன ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்க, பழுது பார்க்கக் கழற்ற வேண்டிவரும்.